'சேமிக்க…', 'சேமிக்க…': எதை அழுத்த?

அனுப்புநர்:
டிடிபி கடை உரிமையாளர், மதுரை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: புதிய பதிப்பில் கோப்பை மூடும்போது வரும் பெட்டியின் பொத்தான் வரிசை மாறியதால் செய்த வேலை அழிந்துபோனது குறித்து.

ஐயா / அம்மா,

உங்கள் பக்க வடிவமைப்பு மென்பொருளை ஆறு வருடமாகக் காசு கட்டிப் பயன்படுத்துகிறேன். கடையில் உள்பக்க வேலைக்கு இரண்டு விண்டோஸ் கணினிகள், அட்டை வேலைக்கு ஒரு மேக். மூன்றுக்கும் தனித்தனிச் சந்தா. போன மாதம் வந்த புதிய பதிப்பு எனக்கு ஒரு ராத்திரி உழைப்பைத் தின்றுவிட்டது. உங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். வந்த பதிலைப் படித்த பிறகுதான் இவ்வளவு விரிவாக எழுதத் தோன்றியது.

212 பக்க நாவல். எழுத்தாளர் கடைசி மெய்ப்பில் சிவப்பு மையால் கோலம் போட்டுக் கொடுத்திருந்தார். ஏழரை மணிக்கு ஒருமுறை சேமித்தேன். அப்புறம் ஒற்று, பத்தி, அடிக்குறிப்பு என்று கை விடாமல் ஓடியது. இடையில் கன்ட்ரோல் எஸ் அடித்திருக்க வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான், அது என் தப்பு. பதினொன்றரைக்குக் கோப்பை மூடினேன், வழக்கமான பெட்டி வந்தது. விண்டோஸில் இருபது வருடமாகப் பழகிய கை, நேராக இடது ஓரப் பொத்தானுக்குப் போனது. அங்கேதான் 'சேமிக்கவும்' இருக்கும், போன பதிப்பு வரை இருந்தது. இந்தப் பதிப்பில் அங்கே 'சேமிக்க வேண்டாம்' உட்கார்ந்திருக்கிறது. 'சேமிக்கவும்' வலது கோடிக்குப் போய்விட்டது. நடுவில் 'ரத்து'.

படித்துப் பார்த்து அழுத்தியிருக்கலாமே என்று உங்கள் ஆள் கேட்டிருக்கிறார். படித்தேன் சார். இத்துடன் வைத்திருக்கும் முதல் திரைப்பிடிப்பைப் பாருங்கள். மூன்று பொத்தானும் ஒரே அகலம், ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்தது. தமிழ் உள்ளே அடங்கவில்லை. அதனால் இடது பொத்தானில் 'சேமிக்க…' என்றிருக்கிறது. வலது பொத்தானிலும் 'சேமிக்க…' என்றுதான் இருக்கிறது. தமிழில் ஆமாமா இல்லையா என்பது சொல்லின் வாலில்தான் தெரியும். வாலை வெட்டிவிட்டால் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'டோன்ட்' முன்னால் வருவதால் அங்கே யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். தமிழ் இடைமுகம் உண்டு என்று விளம்பரம் செய்கிறவர்கள், தமிழ் தெரிந்த ஒருவரை அதன் முன்னால் ஐந்து நிமிடம் உட்கார வைத்திருக்கலாம்.

தானியங்கிச் சேமிப்பில் தேடினேன். 'சேமிக்க வேண்டாம்' என்று அழுத்தியதும் அந்தத் தற்காலிகக் கோப்பையும் உங்கள் மென்பொருள் அழித்துவிடுகிறது. நாலு மணி நேர வேலை. மறுநாள் சிவப்பு மையை முதலிலிருந்து பார்த்தேன்.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன். "எல்லாத் தளங்களிலும் ஒரே சீரான அனுபவம் தருவதற்காக வரிசையை ஒன்றாக்கியுள்ளோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு ஒரே சீர்? மேக்கில் முதன்மைப் பொத்தான் வலது கோடியில், 'ரத்து' அதற்கு இடப்பக்கம், 'சேமிக்க வேண்டாம்' தள்ளி இடது ஓரத்தில். அது மேக்கின் பழக்கம், அங்கே அது சரி. விண்டோஸில் சேமிப்பது முதலில், வேண்டாம் என்பது அடுத்து, 'ரத்து' கடைசியில். நோட்பேடைத் திறந்து நாலு எழுத்து தட்டிவிட்டு (விண்டோஸ் 11 என்றால் அந்தத் தாவலை) மூடிப் பார்த்தாலே தெரியும். நீங்கள் மேக்கில் வரைந்த பெட்டியை அப்படியே விண்டோஸுக்குத் தூக்கி வந்துவிட்டீர்கள். எனக்கு வேண்டிய சீர், உங்கள் மேக் பதிப்பும் விண்டோஸ் பதிப்பும் ஒன்றுபோல் இருப்பது இல்லை. என் கணினியில் இருக்கும் மற்ற இருபது மென்பொருளோடு உங்களுடையதும் ஒத்துப்போவது. நான் மேக்குக்கு மாறி உட்காரும்போது கை தானாக மாறிக்கொள்கிறது. நாற்காலி மாறுகிறது, விசைப்பலகை மாறுகிறது, கைக்குத் தெரிந்துவிடுகிறது. விண்டோஸுக்குள்ளேயே ஒரு மேக் பெட்டி எட்டிப் பார்த்தால் அதற்கு எப்படித் தெரியும்?

நீங்கள் சொல்லும் அந்தச் சீராவது மென்பொருளுக்குள் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. கோப்பைத் திறக்கும் பெட்டியும் அச்சிடும் பெட்டியும் விண்டோஸே தருபவை. அங்கே 'திற', 'அச்சிடு' இடதுபக்கம், 'ரத்து' வலதுபக்கம். மூடும்போது வருவது மட்டும் நீங்கள் சொந்தமாக வரைந்தது, தலைகீழ். ஒரே மென்பொருளில் காலையில் இடது, சாயங்காலம் வலது.

என் அக்கா மகன் மென்பொருள் எழுதுகிறவன். அவனிடம் புலம்பினேன். உங்கள் மென்பொருளின் விவரம் காட்டும் 'பற்றி' பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். அதில் க்யூட்டி (Qt) என்று போட்டிருக்கிறது, பெட்டி, பொத்தான் எல்லாம் ஆயத்தமாகத் தரும் கருவித்தொகுப்பாம் அது. அந்தக் கருவித்தொகுப்பில் இதற்கென்றே ஒரு பொத்தான் பெட்டி 2006இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து இருக்கிறதாம். எது ஏற்கும் பொத்தான், எது மறுக்கும் பொத்தான், எது அழிக்கும் பொத்தான் என்று சொன்னால் போதும். ஓடுகிற தளத்தைப் பார்த்து வரிசையை அதுவே அடுக்கிக்கொள்ளும். லினக்ஸில் மட்டுமே இரண்டு கட்சி உண்டு, அங்கே க்னோம், கேடிஈ என்று இரண்டு திரைச்சூழல்கள், 2002இல் வந்த க்னோம் 2 முதல் க்னோம் மேக் பக்கம், கேடிஈ விண்டோஸ் பக்கம் என்றான். அதையும்கூட அது பார்த்துக்கொள்கிறதாம். சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு மெனக்கெட்டு வேறு வரைந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம். பிடிஎஃப் ஏற்றுமதியைப் பாதியில் நிறுத்தினால் 'ஏற்றுமதியை ரத்து செய்யவா?' என்று கேட்கிறது. கீழே 'சரி', 'ரத்து'. நிறுத்த வேண்டும் என்றால் நான் எதை அழுத்த வேண்டும்? என் கடைப் பையன் ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறான். 'ஏற்றுமதியை நிறுத்து', 'தொடரட்டும்' என்று எழுதினால் முடிந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்தந்தத் தளத்தில் அந்தந்த வரிசையை வையுங்கள். பொத்தானின் அகலம் எழுத்துக்கேற்ப விரியட்டும். 'சேமிக்க வேண்டாம்' அழுத்தினாலும் தற்காலிகக் கோப்பை ஒரு வாரமாவது வைத்திருங்கள், என்னைப் போன்ற தூக்கக் கலக்கக்காரர்களுக்கு உதவும். இந்தத் திருத்தம் வரும் வரை பழைய பதிப்பை இறக்கிக்கொள்ள இணைப்பு அனுப்புங்கள், இப்போது உங்கள் இணையதளத்தில் புதியது மட்டும்தான் கிடைக்கிறது. வீணான ஒரு நாளுக்கு ஈடாக மூன்று கணினிக்கும் ஒரு மாதச் சந்தாவை நீட்டித்துத் தர வேண்டும்.

மூன்று திரைப்பிடிப்புகளை இணைத்திருக்கிறேன். பழைய பதிப்பில் மூடும் பெட்டியின் படம் இரண்டாவது. 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் அடுத்த சந்தாவைப் புதுப்பிக்கப்போவதில்லை. அப்படி வரும் பதிலில் 'சீரான அனுபவம்' என்ற சொல் இல்லாமல் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் ஆறு வருட வாடிக்கையாளர்