27வது நகர்வுக்குப் பிறகு

அன்புள்ள பாப்பா,

நீ போனில் அழுத மறுநாள், அலமாரியை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தபோது உன் பழைய செஸ் நோட்டு கிடைத்தது. புது வேலைக்கு மாறியது தப்பாகிவிட்டதென்று நீ சொன்னபோதே ஏதாவது பேசியிருக்கலாம். எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

நோட்டில் ஒரே ஒரு ஆட்டத்தைத் தேடினேன். 27வது நகர்வு முடிந்ததும் எதிராளியின் குதிரை உன் ராஜாவுக்கும் யானைக்கும் ஒரே நேரத்தில் குறிவைத்து வந்து உட்கார்ந்ததே, அந்த ஆட்டம். உனக்குப் பன்னிரண்டு வயது. வெளியே வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் குதிரை உன் கண்ணில் படவே இல்லையா?" நீ பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த ஆட்டத்தையும் என்னிடம் காட்டவும் இல்லை. தொட்ட காயை ஆடியே ஆகவேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். வாயை விட்டு வந்த வார்த்தைக்கும் அதே விதி என்பது எனக்கு உறைக்க இத்தனை வருஷமாகியிருக்கிறது.

பலகையை எடுத்துக் காய்களை அடுக்கினேன். செஸ் பலகைக்கு ஒரு நல்ல குணம், இந்த நிலைக்கு எப்படி வந்தாய் என்று அது கேட்பதில்லை. யானையைக் கவனக்குறைவால் இழந்தாயா, கணக்குப் போட்டு விட்டுக்கொடுத்தாயா, அதற்கு எல்லாம் ஒன்றுதான். எந்தக் காய் எங்கே நிற்கிறது, இப்போது யார் ஆடவேண்டும், அவ்வளவே.

முழுக்க அப்படியும் சொல்லிவிட முடியாது. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் சேர்த்து நகர்த்துகிற காஸ்லிங் இருக்கிறதே. ராஜா ஒரு கட்டம் நகர்ந்துவிட்டு மறுபடி பழைய கட்டத்துக்கே வந்து நின்றால், பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனாலும் அந்த ஆட்டம் முடியும்வரை காஸ்லிங் கிடையாது. பழைய வேலைக்கே திரும்பிவிடலாமா என்று நீ கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. ராஜா திரும்பி வருவதே அங்கே நல்ல நகர்வாக இருக்கலாம். விட்டு வந்ததெல்லாம் அப்படியே காத்திருக்கும் என்று மட்டும் கணக்குப் போடாதே.

இவ்வளவு பெரிய தப்பை யாராவது செய்வார்களா என்றும் கேட்டாய். செய்திருக்கிறார்கள். 2006இல் பான் நகரில், டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினி நிரலோடு கிராம்னிக் ஆடிய இரண்டாவது ஆட்டம். அப்போது அவர்தான் உலகச் சாம்பியன். கணினி ஒரே நகர்வில் செக்மேட் வைக்கக் காத்திருந்தது. ஆடக் கற்று ஒரு மாதம் ஆன பிள்ளைக்குக்கூடத் தெரிகிற செக்மேட். அவர் ராணியை வேறு பக்கம் நகர்த்தினார், ஆட்டம் அங்கேயே முடிந்தது. அப்புறம் வந்து உட்கார்ந்து அடுத்த மூன்று ஆட்டங்களையும் டிரா செய்தார். (கடைசியில் 4-2 என்று தோற்றுத்தான் போனார். மறைத்தால் நீ தேடிப் பார்த்துவிட்டு என்னைக் கேலிசெய்வாய்.)

சரி, உன் ஆட்டத்துக்கு வருகிறேன். நான் அன்று 27வது நகர்வோடு மனசுக்குள் அதை மூடிவிட்டேன். நீ மூடவில்லை. அதற்குப் பின்னும் 19 நகர்வுகள் ஆடியிருக்கிறாய். ராஜாவை மூலையில் ஒதுக்கி, சிப்பாய்கள் எதுவும் நகர முடியாதபடி முட்டவிட்டு, மீதியிருந்த ஒரே யானையை எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி "வெட்டு, வெட்டு" என்று செக் கொடுத்திருக்கிறாய். நாலு தடவை. எந்தத் தடவை வெட்டியிருந்தாலும் உன் ராஜாவுக்கு செக் இல்லை, ஆட உனக்கு ஒரு நகர்வும் இல்லை. அதுதான் ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. தள்ளி நின்று பார்த்த எனக்கு, பிள்ளை நம்பிக்கையிழந்து காயை வாரி இறைக்கிறாள் என்றுதான் பட்டது. ஐந்தாவது தடவை அவன் ராஜாவால் வெட்டவில்லை, உன் சிப்பாயை மறித்துக்கொண்டிருந்த குதிரையால் வெட்டினான். சிப்பாய்க்கு வழி திறந்துவிட்டது, ஸ்டேல்மேட் போயிற்று. மறுபடியும் அதே குதிரை!

நேற்று இரவு அந்த 19 நகர்வுகளையும் மூன்று முறை ஆடிப் பார்த்தேன். யானை போன உடனேயே இந்த யோசனை வந்ததா, இல்லை ராஜா மூலைக்குப் போன பிறகா? அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல். பலகையைக் கலைக்காமல் வைத்திருக்கிறேன், அம்மாவிடமும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா