நின்றுகொண்டே உழைக்கும் வண்டி

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, பழையபடி நீயே உன் கைப்பட எழுதத் தொடங்கியிருப்பதைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். பணிமனையில் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. புதிதாக வரும் ரோந்து கார்களில் விளக்கு, வானொலி, தடுப்புக் கூண்டு ஆகியவற்றைப் பொருத்துவதும், பணி முடிந்த கார்களிலிருந்து அவற்றைக் கழற்றுவதுமாக நாள்கள் ஓடுகின்றன.

காவல் துறை ஏலத்தில் விடும் 2017-ஆம் ஆண்டு ஃபோர்டு எக்ஸ்புளோரர் ஒன்றைப் பிரபு வாங்க விரும்புகிறான் என்றும், விளக்கையும் வண்ணத்தையும் தவிர அதற்கும் கடையில் விற்கும் எக்ஸ்புளோரருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறான் என்றும் எழுதியிருந்தாய். அவனுக்காக மட்டுமல்லாமல், இந்த வண்டிகளோடு பழகிப் பழகி என் மனத்தில் ஊறிய எண்ணங்களை உன்னோடு பகிர்ந்துகொள்ளவும் ஆசைப்படுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரோந்து கார் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வேகம். உள்ளே ஏதோ பெரிய எஞ்சினை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. அமெரிக்கச் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவை எடுத்துக்கொள். 2004-க்குப் பிந்தைய அதன் காவல் துறை வடிவத்தில் இருந்த 4.6 லிட்டர் வி-8 எஞ்சின் 250 குதிரைத்திறன் கொண்டது. பொதுமக்களுக்கு விற்ற வடிவத்தில் அதே எஞ்சின் 224 அல்லது 239 குதிரைத்திறன் தந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது: காவல் வண்டி நின்றுகொண்டே உழைக்கிறது. உன் காரோ என் காரோ நின்றால் எஞ்சினை அணைத்துவிடுவோம். ரோந்து காரில் விளக்கும் வானொலியும் கணினியும் ஒளிப்பதிவுக் கருவியும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், அது சாலையோரத்தில் மணிக்கணக்கில் எஞ்சின் ஓடியபடியே நிற்கிறது. அழைப்பு வந்த நொடியில், அதுவரை நின்ற சூட்டோடு, முழு வேகத்தில் பாய்கிறது. இந்த இரண்டு நிலைகளையும் ஒரே வண்டி தாங்க வேண்டும் என்பதிலிருந்துதான் ஏறக்குறைய எல்லா மாற்றங்களும் பிறக்கின்றன.

இந்தக் காத்திருப்பைக் கொண்டுவந்தது வானொலி என்பது என் எண்ணம். ஓகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் 1899-இல் ஓடிய முதல் காவல் வண்டி மின்சாரத்தில் இயங்கியது. அதன் வேகம் மணிக்கு 16 மைல்தான். அந்தக் காலத்தில் வெளியே போன வண்டியோடு பேச வழியே கிடையாது. 1928-இல் டெட்ராய்ட் காவல் துறை தன் கார்களுக்கு வானொலியில் செய்தி அனுப்பத் தொடங்கியது. 1933-இல் நியூ ஜெர்சியின் பயோன் நகரில் காரிலிருந்தே பதில் பேசும் வசதியும் வந்தது. அதன் பிறகுதான், தெருவில் ஓரிடத்தில் நின்று அழைப்புக்காகக் காத்திருப்பதே ஒரு பணியாக ஆனது. கார் ஒரு சிறிய காவல் நிலையமாகவும் ஆனது.

பானெட்டைத் திறந்து பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். காற்றோட்டம் இல்லாமல் நிற்கும் எஞ்சினைக் குளிர்விக்கப் பெரிய ரேடியேட்டரும், எஞ்சின் எண்ணெய்க்கும் கியர்பெட்டி எண்ணெய்க்கும் தனித்தனிக் குளிர்விப்பான்களும் இருக்கும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் போதவேண்டும் என்பதால் 200 ஆம்பியருக்கு மேல் தரக்கூடிய ஆல்டர்னேட்டர் இருக்கும். பிரேக் பெரியது, அதன் பட்டைகளும் கடும் சூட்டைத் தாங்குபவை. அதிவேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்துவது எந்த நல்ல காருக்கும் கடினமன்று. அடுத்தடுத்துப் பலமுறை நிறுத்தும்போதுதான் சாதாரண பிரேக் சூடேறி இளகிவிடும். பளபளக்கும் அலுமினியச் சக்கரங்களுக்குப் பதிலாகக் கறுப்பு எஃகுச் சக்கரங்கள் இருப்பது சிக்கனத்துக்காக மட்டுமல்ல, நடைபாதை விளிம்பில் மோதி ஏறினாலும் அவை அலுமினியத்தைப் போல எளிதில் விரிசல்விட்டு உடையா. மிச்சிகன் மாநிலக் காவல் துறை ஒவ்வோர் ஆண்டும் புதிய ரோந்து கார்களைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. முடுக்கம், உச்ச வேகம், பிரேக் ஆகியவற்றோடு, உள்ளே உட்கார்ந்து வேலை செய்ய வசதியாக இருக்கிறதா, கருவிகளைப் பொருத்த இடம் இருக்கிறதா என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. அந்தக் கடைசிப் பகுதியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

உட்புறம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சென்ற வாரம் ஒரு வண்டியின் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றிப் பணிமேசையில் வைத்தேன். இடுப்பு படும் இருபுறத்திலும் பஞ்சு குறைக்கப்பட்டிருந்தது. துப்பாக்கியும் கைவிலங்கும் தொங்கும் இடைவாரோடு உட்கார அந்தப் பள்ளம் தேவை. முதுகுப் பகுதியின் உறைக்குள் கையை விட்டால் ஓர் எஃகுத் தகடு விரலில் தட்டுப்படும். பின்னால் இருப்பவர் கத்தியால் குத்தினால் ஓட்டுபவரைக் காப்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள். ஒரு தொழிலின் ஆபத்தை யாரோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து இவ்வளவு பொறுமையாக எண்ணிப் பார்த்திருக்கிறாரே என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். தரையில் கம்பளம் கிடையாது. கழுவித் துடைக்க ஏற்ற ரப்பர் விரிப்புதான். கியர் கைப்பிடி ஸ்டீயரிங் தண்டில் இருப்பதால் நடுவிலுள்ள இடம் முழுவதும் வானொலிக்கும் கணினிக்கும் கிடைக்கிறது. இரவில் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியாதபடி செய்துகொள்ளலாம். இருட்டில் இறங்கும் அதிகாரியை வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதல்லவா? எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை எடுத்துக்கொண்டு போகவும் வழி உண்டு. வேறு யாரும் ஏறி ஓட்ட முயன்றால் வண்டி அடங்கிவிடும்.

நிற்பதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திய ரோந்து காரைப் பின்னால் வரும் வண்டி முழு வேகத்தில் மோதுவது இந்தப் பணியில் அடிக்கடி நிகழும் கொடுமை. கிரவுன் விக்டோரியாவின் எரிபொருள் தொட்டி பின் அச்சுக்கும் பின்பெட்டிக்கும் இடையில் இருந்ததால், அப்படிப்பட்ட மோதல்களில் தீப்பற்றிப் பல காவலர்கள் உயிரிழந்தனர். 2002-இல் தொட்டியைச் சுற்றிக் கவசத் தகடுகள் பொருத்தும் ஏற்பாடு வந்தது. பிறகு தீயணைப்புக் கருவியையும் விரும்பியவர்கள் சேர்த்துக்கொள்ள முடிந்தது. அந்த மாதிரியின் உற்பத்தி 2011-இல் நின்றது. அதற்குப் பின் வந்த காவல் துறை எக்ஸ்புளோரர், மணிக்கு 75 மைல் வேகத்தில் பின்னாலிருந்து மோதும் சோதனைக்கு ஈடுகொடுக்குமாறு வடிவமைக்கப்பட்டது. பொதுமக்களின் கார்களுக்கு அரசு விதிக்கும் பின்மோதல் வேகம் 50 மைல்தான். உயிரிழப்புகளுக்குப் பிறகுதான் இந்தப் பாடம் கற்கப்பட்டது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இனிப் பிரபுவின் காரியத்துக்கு வருகிறேன். ஏல அறிவிப்பில் ஓடிய மைல் கணக்கு மட்டுமே பெரிதாக இருக்கும். அதை நம்பி அவன் விலை பேசக் கூடாது. அந்த வண்டியின் காட்சித்திரையில் எஞ்சின் ஓடிய மொத்த மணிநேரமும், அதில் நின்றபடி ஓடிய மணிநேரமும் தனித்தனியே தெரியும். நின்றபடி ஓடிய ஒரு மணிநேரம் ஏறத்தாழ 33 மைல் ஓடிய தேய்மானத்துக்குச் சமம் என்று ஃபோர்டு நிறுவனமே கணக்குச் சொல்கிறது. மைல்கணக்கு 70,000 என்றும், நின்றபடி ஓடியது 3,000 மணிநேரம் என்றும் வைத்துக்கொள்வோம். எஞ்சினைப் பொறுத்தவரை அது 1,69,000 மைல் ஓடிய வண்டி. இந்த வகையில் வரும் 3.7 லிட்டர் எஞ்சினின் நீர்ப்பம்பு எஞ்சினுக்கு உள்ளேயே, டைமிங் சங்கிலியால் சுழலும்படி அமைந்திருக்கிறது. அது கசியத் தொடங்கினால் குளிர்நீர் எண்ணெயில் கலந்து எஞ்சினையே கெடுத்துவிடும் என்பதால், எண்ணெய் அளவுகோலை வெளியே எடுத்துப் பால் கலந்தாற்போன்ற நிறம் தெரிகிறதா என்று அவன் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அதைவிடவும் முக்கியமானது, எங்களைப் போன்றவர்கள் போடும் துளைகள். விளக்குக்கும் வயருக்குமாக உடலெங்கும் துளையிடுகிறோம். கருவிகளைக் கழற்றும்போது அவற்றைச் சரியாக அடைக்காவிட்டால் மழைநீர் மட்டுமல்ல, புகையும் உள்ளே வரும். 2017 ஜூலையில் ஆஸ்டின் நகரக் காவல் துறை, உள்ளே கார்பன் மோனாக்சைடு வருகிறது என்ற அச்சத்தால் தன்னிடமிருந்த ஏறத்தாழ 400 எக்ஸ்புளோரர்களை ஓட்டாமல் நிறுத்திவைத்தது. கருவிகளுக்காக இட்ட துளைகள் சரியாக அடைக்கப்படாததை ஃபோர்டு ஒரு காரணமாகச் சுட்டி, செலவைத் தானே ஏற்று அவற்றைச் சரிசெய்து கொடுத்தது. ஆகவே பின்கதவைச் சுற்றியும் தரை விரிப்புக்கு அடியிலும் விளக்கடித்துப் பார்க்கச் சொல். வெட்டி விடப்பட்ட வயர்கள் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கினால், அந்த வண்டியைக் கழற்றியவர் அவசரக்காரர் என்று தெரிந்துகொள்ளலாம்; அப்படிப்பட்ட வண்டியை நான் வாங்கமாட்டேன்.

இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். கைதி தப்பாமலிருக்கப் பின்கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி செய்திருப்பார்கள். ஏலத்துக்கு வந்த பிறகும் பல வண்டிகளில் அது அப்படியே இருக்கும். பிரபுவின் குழந்தைகள் பின்னிருக்கையில்தான் உட்காரப்போகிறார்கள். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே அவன் பின்னால் ஏறி அமர்ந்து, கதவைச் சாத்தி, உள்ளிருந்தே இருபுறமும் திறந்து பார்க்கட்டும். திறக்காவிட்டால் கதவுப் பலகையைக் கழற்றி உட்புறக் கைப்பிடியின் இணைப்பை மீண்டும் மாட்டிய பிறகே குழந்தைகளை ஏற்ற வேண்டும்.

2020-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து காவல் துறை எக்ஸ்புளோரரில், எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் அமைப்பு வந்திருக்கிறது. வண்டி நிற்கும்போது கருவிகளுக்கான மின்சாரத்தை லித்தியம் பேட்டரி தருவதால், எஞ்சின் இடையிடையே மட்டும் ஓடினால் போதும். இத்தனை ஆண்டுகள் எஞ்சினைத் தேய்த்த அந்தக் காத்திருப்புக்கு இப்போதாவது ஒரு மருந்து கிடைத்ததே என்று மகிழ்கிறேன். பிரபுவால் சிறிது பொறுக்க முடிந்தால், அந்த வகை வண்டி ஒன்று ஏலத்தில் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்வேன். அவசரம் என்றால், எஞ்சின் ஓடிய மொத்த மணிநேரம், நின்றபடி ஓடிய மணிநேரம் ஆகிய இரண்டு கணக்குகளும் தெரியும்படி காட்சித்திரையையும், தரைவிரிப்பைத் தூக்கி அடிப்பகுதியையும் படமெடுத்து எனக்கு அனுப்பட்டும். பார்த்த அன்றே வாங்கலாமா வேண்டாமா என்று எழுதிவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
கதிரேசன்