பனி நின்ற பிறகு வரும் தடை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. தெருவில் நிறுத்தியிருந்த காரை நகராட்சிக்காரர்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பக்கம் பக்கமாகத் திட்டித் தீர்த்திருக்கிறாய். "பனி நின்று வெயிலும் அடிக்கிறது, இப்போது எதற்கு அபராதம்?" என்று கேட்டிருக்கிறாயே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. விழுந்த பனியை அள்ளத்தான் தெருவில் கார் நிறுத்தக்கூடாது என்ற அந்தத் தடை. வானம் வெளுத்த பிறகும் அது நடப்பில் இருப்பது அதனால்தான்.

பனி தள்ளும் வண்டி நடைபாதை விளிம்பை ஒட்டியே போக வேண்டும். வழியில் ஒரு கார் நின்றால் அதைச் சுற்றி வளைந்து போகும், காருக்கு முன்னும் பின்னும் பனி மேடாக மிஞ்சும். ராத்திரிக்குள் அது இறுகிவிடும். அடுத்த முறை எல்லாரும் அந்த மேட்டைத் தாண்டி, இன்னும் நடுவில் வந்து நிறுத்துவார்கள். இப்படியே போனால் குளிர்காலம் முடிவதற்குள் தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ நுழைய முடியாத தெருவாகிவிடும். ஒருவர் சோம்பலுக்குத் தெருவே மாட்டிக்கொள்ளும்.

விதி ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பனி அவசரநிலை அறிவித்தால் மூன்று நாள் கணக்கு. முதல் நாள் இரவு 9 மணியிலிருந்து காலை 8 வரை முக்கியச் சாலைகளின் இருபுறமும் நிறுத்தக்கூடாது. மறுநாள் காலை 8 முதல் இரவு 8 வரை மற்றத் தெருக்களில் இரட்டைப்படை வீட்டு எண் பக்கம் காலியாக இருக்க வேண்டும், மூன்றாம் நாள் அதே நேரத்தில் ஒற்றைப்படைப் பக்கம். சிகாகோவில் சில பிரதான சாலைகளில் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, பனி விழுந்தாலும் விழாவிட்டாலும், விடியற்காலை 3 முதல் 7 வரை நிறுத்தக்கூடாது. எனக்குப் பிடித்தது கனடாவின் மாண்ட்ரியல் நகர முறை. அங்கே காரை இழுப்பதற்கு முன்னால் தெருவில் சைரன் ஒலிக்கும். தூக்கத்தோடு ஓடிவந்து எடுத்துக்கொள்ளலாம்! உன் நகராட்சி குறுஞ்செய்தி அனுப்புகிறதா என்று பார், இருந்தால் இன்றைக்கே பதிவு செய்துவிடு.

அப்புறம், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்கிவிட்டதால் கவலையில்லை என்று எழுதியிருக்கிறாய். கிளம்புவதற்கு அது உதவும், நிறுத்துவதற்கு உதவாது. பிரேக் பிடிக்கும்போது டயர்தான் எல்லாம். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இறுக ஆரம்பிக்கும், குளிர்கால டயர் அப்போதும் மெத்தென்று இருக்கும். மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படியே அது கட்டாயம். நல்ல டயர் இருந்தாலும் முன்னால் போகும் வண்டிக்கு வெகு தூரம் விட்டுப் போ. பனிக்கட்டியில் வண்டி நிற்க, காய்ந்த சாலையைவிடப் பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம். பாலத்தில் இன்னும் கவனம் வேண்டும். மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் சாலைக்கு முன்பே அது உறைந்துவிடும். உப்பு போட்டிருக்கிறார்களே என்று நம்பிவிடாதே, கடுங்குளிரில் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் பெடல் காலடியில் அதிர்ந்தாலும் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இரு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பனியில் புதைந்த காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன், பின்னாலிருக்கும் புகைக்குழாயைச் சுற்றி இருக்கும் பனியை எடுத்துவிடு. அது அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வண்டிக்குள் வரும். வாசனையே கிடையாது. வண்டி சூடாகட்டும் என்று குழந்தைகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு வெளியே பனி அள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவள் கார் ஓட்டப் பழகுகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து நான் பிடிக்காத பிரேக்கே இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அபராதத்தை எதிர்த்து முறையீடு செய்யப் போவதாக எழுதியிருக்கிறாய். முதலில் உன் தெருவில் அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று போய்ப் பார். இருந்தால் பேசாமல் கட்டிவிடு.

அன்புடன்,
ரவி