நந்தி தெரியும்போதே குறித்துவை

சுங்கை சிப்புட், பேராக்,
மலேசியா.

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீ, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் நலமா? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த தடவை மறக்காமல் எழுது.

பரிசலை விட்டுவிட்டு மோட்டார் படகு வாங்கி, மேட்டூர் அணையில் பண்ணவாடிக்கும் நாகமரைக்கும் ஆள் ஏற்றப் போகிறாய் என்று தெரிந்து சந்தோஷம். அதைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும்.

முதலில் என் பாடு. இது தோட்டத்து ஊர். ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் ரப்பர். இப்போது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் ஊர் இதுதான். மகாத்மா காந்தி கலாசாலை என்று பெரிய தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கடைத்தெருவில் தமிழ் பேசியே காலம் தள்ளிவிடலாம். நான் செம்பனைப் பழக்குலை வெட்டுகிறேன். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து இழுக்க வேண்டும். ஒரு குலை இருபது கிலோ இருக்கும். விழும்போது விலகி நிற்கத் தெரிந்தால் பாதி வேலை கற்றமாதிரி. கழுத்துதான் ராத்திரியில் தூங்க விடாது. சம்பளம் பிந்தாமல் வருகிறது.

எங்கள் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிற அண்ணன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தூண்டில் பைத்தியம். லீவு கிடைத்தால் என்னையும் ஏற்றிக்கொண்டு கிரிக் வழியாக தெமெங்கோர் ஏரிக்குப் போவார். கார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். நம்ம மேட்டூர் மாதிரி அதுவும் அணைதான், பேராக் ஆற்றைத் தடுத்து 1970களில் கட்டியது. காட்டை முழுக்க வெட்டாமல் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் செத்த மரங்கள் ஏரிக்குள் நின்றபடியே நிற்கின்றன. தோமான் என்று நம் விரால் சாதி மீன், அந்த மரங்களுக்கு நடுவில்தான் கிடக்கும். ஆசை யாரை விட்டது!

தெரிகிற மரத்தால் ஆபத்தில்லை, தம்பி. தண்ணீருக்குள் முங்கியே கிடக்கிற மரம் காற்றுப் படாததால் எத்தனை வருஷமானாலும் மக்காது. நீர்மட்டம் ஏறி இறங்குகிற இடத்தில் மட்டும் நனைந்து காய்ந்து இற்றுப்போய் முறிந்துவிடும். மேலே இருந்தது மிதந்து போய்விடும், அடிமரம் அப்படியே நிற்கும். வெயில் காலத்தில் ஏரி இறங்கினால் அந்த முறிந்த தலை தண்ணீருக்கு ஒரு சாண் கீழே வந்து காத்திருக்கும். எங்களுக்கு முன்னால் போன ஒரு படகு அப்படித்தான் அடிபட்டு நின்றது. நல்ல வேகம். ஒருவர் தண்ணீரில் போய் விழுந்தார். உடம்பில் மிதவைச் சட்டை இருந்ததால் சிரித்துக்கொண்டே ஏறினார்.

எங்கள் படகோட்டி காட்டு மக்களில் ஒருவர், ஜஹாய் இனத்தவர். அதிகம் பேசமாட்டார். பழைய ஆறு ஓடிய தடம் எது என்று அவருக்கு அத்துப்படி. வேகமாகப் போவதென்றால் அந்தத் தடத்தில் மட்டும்தான். கிளை ஓடைக்குள் திரும்பினால் என்ஜினை மெதுவாக்கி, பாதி தூக்கிவிடுவார். படகின் முன்முனையில் ஒரு பையன் மூங்கில் கழியோடு நின்று ஆழம் பார்ப்பான். என்ஜினை நிறுத்துகிற சிவப்புக் கயிறு எப்போதும் அவர் மணிக்கட்டில் மாட்டியிருக்கும். தவறி விழுந்தால் கயிறு பிடுங்கி என்ஜின் நின்றுவிடும், ஆளில்லாத படகு சுற்றிவந்து விழுந்தவரையே வெட்டாது. சாயங்கால வெயிலை எதிர்த்துப் போக வேண்டியிருந்தால் இன்னும் மெதுவாகப் போவார்; அந்தப் பளபளப்பில் தண்ணீருக்கு அடியில் ஒன்றும் தெரியாது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அணை உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். தெரியும்தான், ஆனால் பரிசலில் தெரியும். பரிசல் ஒரு சாண் தண்ணீர் இருந்தால் போய்விடும். ஏதாவது தட்டினாலும் சுழன்று நகர்ந்துவிடும். மோட்டார் படகின் விசிறி முழங்கால் ஆழத்துக்குக் கீழே சுற்றுகிறது. தண்ணீருக்குள் கிடக்கிற பழைய மதிலை நீ வருஷக்கணக்காகக் கவலையில்லாமல் கடந்திருப்பாய், அது விசிறியைத் தடுக்கும். பத்துப் பேரும் இரண்டு பைக்கும் ஏற்றினால் படகு இன்னும் இறங்கும்.

நம் அணையில் மரத்தைவிட, தண்ணீரில் முங்கிப்போன பழைய ஊரில்தான் கவனம் வேண்டும். 120 அடி நிரம்பியிருக்கும்போது எதுவும் இல்லை. கோடையில் இறங்கிப்போய் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வந்து, ஜனங்கள் போட்டோ எடுக்க வரும்போதும் பயமில்லை, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் திறந்துவிட்டு, ஒக்கேனக்கல்லில் வெள்ளம் வந்து, நம் அணை மளமளவென்று ஏறும் பார், அப்போதுதான் வினை. நேற்று பார்த்த கல் இன்று ஒரு அடி தண்ணீருக்குள். நேற்று போன வழி இன்று வழியில்லை.

அதனால் இப்போதே, எல்லாம் வெளியே கிடக்கும்போதே, ஒரு நாள் பரிசலில் போய் உன் தடத்தில் உள்ள மதில், கிணற்று மேடு, பாறை ஒவ்வொன்றிலும் கயிறு கட்டி ஒரு காலி கேனை மிதக்கவிடு. கயிறு இரண்டு ஆள் உயரம் போதும். தண்ணீர் அதற்கும் மேலே போனால் கேன் முங்கும், ஆனால் அந்த ஆழத்தில் கல் உன்னை ஒன்றும் செய்யாது. கேனை ஒட்டி மட்டும் ஓட்டாதே, கயிறு விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

அப்புறம், தட்டி நின்றுவிட்டால் என்ஜினை முறுக்கிப் பின்னால் எடுக்கப் பார்க்காதே. நிறுத்தி, தூக்கி, முதலில் அடியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார். ஆட்களை உட்கார்ந்தபடியே மறுபக்கம் நகரச் சொல்லி, வந்த வழியே கழியால் தள்ளு. சேற்றுக்கரையில் ஓட்டும்போது என்ஜினிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர் நின்றால் உடனே அணைத்துவிடு. சேறு அடைத்திருக்கும், சூட்டில் என்ஜின் போய்விடும். மிதவைச் சட்டை எல்லாருக்கும். வேண்டாம் என்கிறவரைக் கரையிலேயே இறக்கிவிடு, நாலு காசு போனால் போகட்டும்.

சின்ன என்ஜினாக இருந்தால் விசிறியில் ஷியர் பின் என்று ஒன்று இருக்கும். எதிலாவது மோதினால் அந்தப் பின் முறிந்து கியரைக் காப்பாற்றும். எங்கள் படகோட்டி பழைய தகர டப்பாவில் ஒரு பிடி வைத்திருக்கிறார், கூடவே ஒரு குறடும். உன் என்ஜின் என்ன கம்பெனி, எத்தனை குதிரைத்திறன், பின்னின் அளவு என்ன என்று பார்த்து எழுது. இங்கே கடையில் கேட்டு வாங்கி, அடுத்த மாதம் ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். பணம் இந்த வாரம் போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்