உடையைப் பார்த்தீர்கள், வெளிச்சத்தையும் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புகழ்பெற்ற ஓவியங்களை ஆட்களை நிற்கவைத்து ஸ்டூடியோவில் மறுபடி படமெடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்டூடியோவில் படமெடுப்பதே என் தொழில் என்பதால் வரிக்கு வரி நின்று படித்தேன். புடவையை எங்கே தேடினார்கள், நகையை எப்படிச் செய்தார்கள், ஒப்பனைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது, எல்லாம் விரிவாக இருந்தது. வெளிச்சத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. இந்த வேலையில் பாதிக்கு மேல் வெளிச்சம்தான் என்பதால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கையில் விளக்கேந்திய பெண்ணின் படத்துக்குக் கீழே ரவிவர்மாவின் ஓவியம் என்று போட்டிருந்தீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அதை வரைந்தவர் எஸ். எல். ஹல்தங்கர். தன் மகளையே மாடலாக நிற்கவைத்து 1940களில் வரைந்தார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. ரவிவர்மா காலமானது 1906இல்.

பெயர் மாறினால் என்ன, படம் அழகாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ரவிவர்மா என்றதும் எண்ணெய் வண்ணம் என்று முடிவுகட்டி, அதற்கேற்றபடி முகம் முழுக்கப் பளபளவென்று விளக்கு போட்டுவிடுகிறார்கள். ஹல்தங்கரின் படமோ நீர்வண்ணம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது பெரும்பாலும் அடியில் இருக்கும் தாளின் வெள்ளைதான். மெல்லிய வண்ணத்துக்குள்ளிருந்து அது கசிந்து வெளியே வருவதால்தான் அந்த முகம் தானே ஒளிர்வதுபோல் தெரிகிறது.

அந்தப் பெண்ணின் விரல்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சுடர் அணையாமல் ஒரு கையால் மறைத்திருக்கிறாள். விரலிடுக்கில் ஆரஞ்சு நிறம், விரல்களின் ஓரத்தில் ரத்தச் சிவப்பு. சதைக்குள் வெளிச்சம் ஊடுருவினால்தான் அந்தச் சிவப்பு வரும். முன்னாலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் ஒருநாளும் வராது. உண்மையான சுடரை வைத்தால் ஸ்டூடியோ விளக்குகளுக்கு முன்னால் அது இருக்கிற இடமே தெரியாது. உள்ளங்கைக்குப் பின்னால் சின்ன எல்இடி பல்பை மறைத்து வைத்து, அதற்கு ஆரஞ்சு ஜெல் (விளக்கின் நிறத்தை மாற்றும் கண்ணாடித்தாள்) சுற்றி, மற்ற விளக்குகளையெல்லாம் கிட்டத்தட்ட அணைத்துவிட வேண்டும். வெளிச்சம் குறைவதால் கேமராவின் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், அதனால் நிற்பவர் மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும். பிறகு கணினியில் ஆரஞ்சு வண்ணம் பூசிக்கொள்ளலாம் என்று விட்டால், முகம் ஒரு வெளிச்சத்திலும் கை இன்னொரு வெளிச்சத்திலும் நிற்கும். நீங்கள் வெளியிட்ட படத்தில் நடந்திருப்பதும் அதுதான்.

எந்த ஓவியத்தை எடுத்தாலும் முதலில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கண்மணியில் வெள்ளைப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் நிழலின் விளிம்பு. மெதுவாகக் கரைந்தால் அது ஜன்னல் வெளிச்சம், பெரிய சாஃப்ட்பாக்ஸை (வெள்ளைத் துணி மூடி வெளிச்சத்தை மென்மையாக்கும் விளக்குப் பெட்டியை) முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். இத்தாலிய ஓவியர் கராவாஜியோவின் படங்களைப் போல வெட்டினாற்போல நின்றால் சின்ன விளக்கு, மேலே ஒரு பக்கமாக, தள்ளி. புடவைக் கடைக்குப் போவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத்தோடு அணிந்த பெண்’ ஓவியத்தைப் பலரும் எடுக்கிறார்கள், நானும் எடுத்திருக்கிறேன். பின்னால் கறுப்புத் துணி கட்டுவது வழக்கம். ஆனால் வெர்மீர் வரைந்தது வெறும் இருட்டல்ல, பச்சைத் திரை. நிறம் நாளடைவில் வெளிறி, மடிப்புகள் மறைந்துபோயின என்று அந்த ஓவியத்தை வைத்திருக்கும் நெதர்லாந்தின் மவுரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்தின் ஆய்வு 2020இல் சொன்னது. அந்த முத்துக்குக் காதில் மாட்டக் கொக்கியும் கிடையாது. தூரிகை தொட்ட ஓரிரண்டு வெள்ளைத் தீற்றல்களை நம் கண்தான் முத்தாக்கிக்கொள்கிறது. ஸ்டூடியோவில் நிஜத் தோட்டை மாட்டிவிட்டு ஏன் அது மாதிரி இல்லை என்று தவிப்பவர்களுக்கு இது உதவும்.

அச்சு அசலாக எடுத்தால்தான் சிறப்பு என்று நான் சொல்லவில்லை. பிரிட்டிஷ் புகைப்படக்காரர் டாம் ஹண்டர் 1997இல் எடுத்த படத்தில் ஓர் இளம்பெண் ஜன்னலோரம் நின்று வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவைப் படிக்கிறாள், அருகில் குழந்தை. ஜன்னலோரம் கடிதம் படிக்கும் வெர்மீரின் பெண்தான் அதற்கு மூலம். உடை, கடிதம், காலம் எல்லாம் மாறியிருக்கின்றன. இடப்பக்கத்து ஜன்னலும் அதன் வெளிச்சமும் மட்டும் வெர்மீருடையவை. அதனாலேயே அவளை யாரும் ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை. இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

ஹல்தங்கரின் பெயரைத் திருத்தி அடுத்த இதழில் ஒரு குறிப்பு போடும்படிக் கேட்டுக்கொள்கிறேன். இனி இப்படிப் படங்கள் வெளியிடும்போது மூல ஓவியத்தையும் சின்னதாகவாவது பக்கத்திலேயே அச்சிடுங்கள். வரைந்தவர் பெயர், ஆண்டு, எண்ணெயா நீர்வண்ணமா என்ற விவரம் இருக்கட்டும். விளக்கு எங்கே வைத்தார்கள் என்று புகைப்படக்காரரிடம் கேட்டு அதையும் ஒரு வரி போட்டால், இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்