ஜெனரேட்டர் வாங்குவதற்கு முன்

ஆயர் ஈத்தாம்,
பினாங்கு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள உங்கள் அடுக்குமாடி நிர்வாகக் குழுவில் இப்போதெல்லாம் ஜெனரேட்டரைப் பற்றித்தான் பேச்சு என்று சொன்னாய். பெரியதாக ஒன்று வாங்குவதா, இருப்பதைச் சரிசெய்வதா, வீட்டுக்கு எத்தனை ரிங்கிட் வசூலிப்பது என்று. நாடு முழுவதும் மின்சாரம் போய் வாரக்கணக்கில் திரும்பாவிட்டால் என்ன கதி என்று யாரோ கிளப்பிவிட, எல்லோரையும் பயம் பிடித்துக்கொண்டதாம். பயப்படட்டும், தவறில்லை. ஆனால் உங்கள் குழு பேச வேண்டிய பொருளை விட்டுவிட்டு வேறொன்றைப் பேசிக்கொண்டிருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்படி நடக்குமா என்றால், சிறிய அளவில் நடந்தே இருக்கிறது. 1992 செப்டம்பர் 29 அன்று மின்னல் தாக்கித் தீபகற்பத்தின் பெரும்பகுதி இருண்டது; சில இடங்களில் விளக்கு எரிய இரண்டு நாள் ஆயிற்று. 1996 ஆகஸ்ட் 3, ஒரு சனிக்கிழமை மாலை, திரங்கானுவில் பாக்கா மின்நிலையத்துப் பக்கம் தொடங்கிய கோளாறு தீபகற்பம் முழுவதையும் சாய்த்தது. 2003 செப்டம்பர் முதல் தேதி நம் வடக்குப் பக்கத்தின் முறை. அப்போது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம், நினைவிருக்கும். எல்லாமே மணிக்கணக்கில், மிஞ்சினால் நாள் கணக்கில் முடிந்துவிட்டன.

உன் அப்பா துணை மின்நிலையத்திலேயே காலம் தள்ளியவர். ஒரு நாடு மொத்தமாக இருண்டுவிட்டால் மீட்பது எவ்வளவு சிரமம் என்று சாப்பாட்டு மேசையில் விளக்குவார். மின்நிலையம் தானாக எழுந்து நிற்காதாம். அதன் பம்புகளும் விசிறிகளும் சுழலுவதற்கே மின்சாரம் வேண்டும். அதனால் முதலில் நீர்மின் நிலையங்களை எழுப்புவார்கள். அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் சுழலி ஓடும், அங்கிருந்து கம்பி வழியே அனல் நிலையத்தை உசுப்புவார்கள், பிறகு ஊர் ஊராகச் சேர்ப்பார்கள். மின்சாரத்தின் துடிப்பு நொடிக்கு 50 தடவை, அதாவது 50 ஹெர்ட்ஸ், என்பதில் பிசகக் கூடாது. அவசரப்பட்டுப் பெரிய நகரத்தைச் சட்டென்று இணைத்தால், கட்டியதெல்லாம் மறுபடி விழும். இதுவாவது ஒருநாள் இரண்டுநாள் வேலை. பெரிய மின்மாற்றிகள் பல ஒரே நேரத்தில் எரிந்துபோனால்தான் விபரீதம். அவற்றைக் கடையில் வாங்க முடியாது. சொல்லிவைத்துச் செய்ய வேண்டும். ஒன்றைச் செய்து கப்பலேற்றி இறக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். "அப்படி ஒன்று வந்தால் நான் வீட்டுக்கு வர மாட்டேன், நீயே பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்பார். வேடிக்கையாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன ஆண்டுகளில் உலகம் பார்த்தவற்றில் எனக்குப் பாடமாகத் தோன்றுவது கரீபியக் கடலில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் அந்தத் தீவைக் கடந்தது. தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. கடைசி வீடுகளுக்குத் திரும்ப ஏறக்குறைய பதினொரு மாதங்கள் ஆயின. முதலில் அரசாங்கம் சொன்ன சாவு எண்ணிக்கை 64. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் பிறகு கணக்கெடுத்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் வழக்கத்துக்கு மேல் 2,975 பேர் இறந்திருந்தார்கள். காற்று அடித்து விழுந்த கூரையின் கீழ் செத்தவர்கள் மட்டுமா இத்தனை பேர்? சர்க்கரைக்காரர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், மூச்சுக் கருவியோடு இருந்தவர்கள், படுக்கையில் கிடந்த கிழவர்கள். புயல் ஓய்ந்து, செய்தியாளர்கள் மூட்டை கட்டிப் போன பிறகு, மெதுவாக. மருத்துவமனையில் தாதியாக இருந்தவளுக்கு இந்தக் கணக்கைப் படித்தால் ஆச்சரியம் வராது.

நான் கடைசியாக வேலை பார்த்த டயாலிசிஸ் வார்டையே எடுத்துக்கொள். ஒரு நோயாளிக்கு ஒரு தடவை நான்கு மணி நேரம், வாரம் மூன்று தடவை. ரத்தத்தைச் சுத்தம் செய்ய இயந்திரத்தில் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் திரவம் ஓடும். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அந்த அளவு சுத்தத் தண்ணீர் எடுக்க, வடிகட்டியில் இன்னும் நிறையத் தண்ணீர் வீணாகும். நம் நாட்டில் 50,000 பேருக்கு மேல் டயாலிசிஸில் இருக்கிறார்கள். ஜெனரேட்டர் இயந்திரத்தை ஓட்டும், சரி. தண்ணீரை யார் தருவது?

நான் சொல்ல வந்தது இதுதான். மின்சாரம் நீண்ட நாள் போனால் அது உங்கள் வீட்டுக்குள் இருட்டாக வராது, தண்ணீர் இல்லாமையாக வரும். பினாங்குத் தீவின் கதையைப் பார். எங்கள் மாநிலத்துத் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. பெருநிலத்தில் சுங்கை டுவாவில் சுத்தம் செய்து, கடலுக்கடியில் குழாய் போட்டுத் தீவுக்குத் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பம்பு. 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வுகளை மாற்றுவதற்காகத் தண்ணீரை நிறுத்தினார்களே, நீ அப்போது வர முடியவில்லை. முன்கூட்டியே சொல்லி, லாரியும் தொட்டியும் ஏற்பாடு செய்து, அதற்கே எங்கள் பிளாக்கில் தினம் ஒரு சண்டை. அப்போது மின்சாரம் இருந்தது. லிஃப்ட் ஓடியது. வாளியை லிஃப்டில் ஏற்றினோம்.

நீ இருப்பது இருபத்தெட்டாவது மாடி. பேரிடர் முகாம்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்பது உலக அளவில் உதவி நிறுவனங்கள் வைத்திருக்கும் கணக்கு. நாம் இப்போது ஆளுக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறோம் என்பது வேறு கதை. நீ, மாப்பிள்ளை, இரண்டு பிள்ளைகள்: 60 லிட்டர். அறுபது கிலோ. தினமும், படியேறி. உன் மாமியார் வந்து தங்கியிருந்தால் இன்னும் பதினைந்து. கழிப்பறையை மறந்துவிடாதே; மேலே தண்ணீர் இல்லாவிட்டால் கீழே போகாது, கழிவுநீரைத் தள்ளும் நிலையங்களும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. என்னைக் கேட்டால், உயரமான கட்டடங்களை முதலில் காலி செய்யவைப்பது பசியாகவோ திருடர் பயமாகவோ இருக்காது, கழிப்பறையாகத்தான் இருக்கும். கூட்டத்தில் இதை யாரும் பேசியிருக்க மாட்டார்கள். வெட்கம்.

தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பெரிய அனுபவம் உண்டு, நாம்தான் அதை எடுத்துப் பேசுவதில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் வரவில்லை. மண்ணெண்ணெய், பேட்டரி, மெழுகுவத்தி எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயை விட்டுத் திரி போட்டு, பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் என்னோடு பயிற்சி பெற்ற சிலோன்காரத் தோழிக்கு அங்கே சொந்தங்கள். அவள் வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்துக் காட்டுவாள். அந்தச் சாமர்த்தியத்தைக் கேட்டு நான் வாய் பிளந்ததுண்டு. ஆனால் இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. அவர்களுக்கு வளவுக்கு வளவு கிணறு இருந்தது. கையால் இறைத்தால் தண்ணீர். அது இல்லாதிருந்தால் எந்தச் சாமர்த்தியமும் ஒரு வாரம் தாங்கியிருக்காது. செந்தூலில் எந்தக் கிணறு?

நான் பிறந்த தோட்டத்திலும் அப்படித்தான். இரவு பத்து மணிக்குத் தோட்டத்து இன்ஜினை நிறுத்திவிடுவார்கள், லயத்து வீடெல்லாம் இருட்டு. யாரும் அதைப் பேரிடர் என்று சொன்னதில்லை, ஏனென்றால் எதுவும் அதை நம்பி இல்லை. இதைச் சொன்னதும் "அந்தக் காலம் பொற்காலம்" என்று கிளம்புவார் உன் பெரியப்பா. அவர் பிரசவ அறையில் நின்றதில்லை. அரிக்கேன் விளக்கில் பிள்ளை பெற்றவர்களைக் கேட்க வேண்டும், பொற்காலமா என்று.

மனிதர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்களா என்று கேட்டாய். நியூயார்க்கில் 1977இல் ஓர் இரவு மின்சாரம் போனபோது கடைகளைச் சூறையாடினார்கள். 2003இல் அதே ஊரில் போனபோது மக்கள் பாலத்தின் மேல் வரிசையாக நடந்து வீட்டுக்குப் போனார்கள். ஊர் ஒன்றுதான், மக்களின் மனநிலைதான் வேறு. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது சனங்கள் தேடி ஓடியது பேட்டரி ரேடியோவுக்கும் சில்லறைக் காசுக்கும். அதனால் நீயும் வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வை. கியூஆர் காட்டி கீரை வாங்கும் பழக்கம் அன்று உதவாது. தொலைபேசிக் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். பிறகு அரசு வானொலியான ஆர்டிஎம் சொல்வதுதான் செய்தி. அதன் தமிழ் ஒலிபரப்பான மின்னல் எஃப்எம் கேட்க ஒரு சின்ன ரேடியோ போதும். சமையலுக்கு உங்கள் வீட்டில் மின் அடுப்பு. எனக்கு அது பிடிக்கவில்லை என்று அன்றே சொன்னேன். இங்கே கேஸ் தோம்பு இருக்கிறது. எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் உபரியாக ஒன்று வைத்திருக்கிறார்கள்.

சரி, ஜெனரேட்டருக்கு வருகிறேன். டீசல் எங்கிருந்து வரும்? பெட்ரோல் நிலையத்துப் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. கிடைக்கும் டீசல் முதலில் மருத்துவமனைக்கும் தண்ணீர் நிலையத்துக்கும் போகும், போகவும் வேண்டும். உங்கள் கட்டடத்துக்கு இரண்டு மூன்று நாள் கிடைத்தால் அதிகம். யாராவது பொறுமையிழந்து சிறிய ஜெனரேட்டரைப் பால்கனியில் வைத்து ஓட்டினால் அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே குடும்பத்தை முடித்துவிடும். அதைக் கட்டட விதியாகவே எழுதித் தடை செய்யுங்கள்.

அந்தப் பணத்தில் வேறு செய்யலாம். உங்கள் கட்டடத்தில் மொட்டைமாடித் தொட்டி தவிரக் கீழேயும் பெரிய தொட்டி இருக்கும். தண்ணீர் முதலில் அங்கேதான் வந்து சேர்கிறது. பம்பு நின்றால் அங்கேயே தேங்கி நிற்கும். அதிலிருந்து வாளியில் பிடிக்க ஒரு குழாய் உண்டா? பெரும்பாலும் இருக்காது. ஒரு குழாய்க்காரரை அழைத்தால் ஒருநாள் வேலை. மழைத் தண்ணீரைப் பிடிக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். கோலாலம்பூரில் மழைக்கா பஞ்சம்? குடிக்க வேண்டாம், கழிப்பறைக்கு ஆகும்.

அடுத்து, யார் எந்த மாடியில் என்ன நோயோடு இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல். தொலைபேசியில் வேண்டாம், காகிதத்தில். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை. பிரித்த இன்சுலின் பேனா பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை தாங்கும். மண்பானைக்குள் பானை வைத்து இடையில் ஈர மணல் போட்டால் நம் ஊர் வெயிலிலும் ஓரளவு சமாளிக்கலாம். பிரிக்காதது அவ்வளவு எளிதல்ல, அதற்கு மருந்தகத்தோடு பேச வேண்டும். டயாலிசிஸ்காரர் யாராவது இருந்தால், வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் முறையில் இருக்கிறாரா, இயந்திரத்தில் இருக்கிறாரா என்று கேள். வயிற்று முறையில் கையால் பை மாற்றுபவர்களுக்கு மின்சாரமே தேவையில்லை, பைகள் தீராதவரை. இயந்திரக்காரர்கள்தான் முதல் இரண்டு நாளிலேயே இடம் மாற வேண்டியவர்கள். மரியா புயலின்போது கரீபியத் தீவுகளிலிருந்து அவர்களை விமானத்தில் ஏற்றி அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். காத்திருக்கும் நாளில் தண்ணீரும் உப்பும் குறைவு, வாழைப்பழமும் இளநீரும் கூடவே கூடாது. இளநீர்தான் எல்லோரும் அன்போடு கொண்டுவந்து கொடுப்பது.

படியேற முடியாதவர்களைக் கீழ்மாடி வீடுகளில் தங்கவைக்க யார் சம்மதிப்பார்கள் என்று இப்போதே கேட்டு வை. இருட்டு வந்த பிறகு கேட்டால் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு யோசிப்பார்கள். கண்ணாடி ஜன்னல் திறக்காத உயர வீட்டில், விசிறி இல்லாமல், எண்பது வயதுக்காரர் சில இரவுகளில் துவண்டுவிடுவார். கோயில் மண்டபம், குருத்வாரா, முஸ்லிம்கள் தொழும் சூராவ், சீன சங்கம் என்று அக்கம்பக்கத்தில் பெரிய அடுப்பும் பெரிய பாத்திரமும் உள்ள இடங்களை நீயே ஒருமுறை போய்ப் பார்த்து வா. தைப்பூசத்துக்கு ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்கு, நீங்கள் கூட்டம் போட்டு ஒன்றும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அரிசியும் விறகும் தண்ணீரும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

இத்தனையும் செய்து, மின்சாரம் போகவே இல்லை என்றால் உன் குழு என்னைத் திட்டும். திட்டட்டும். அந்தக் கீழ்க்குழாய் அடுத்த தண்ணீர் வெட்டுக்கு உதவும்; கோலாலம்பூரில் அதற்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம்.

மாதக் கடைசியில் பஸ் பிடித்து வருகிறேன். ரயில் டிக்கெட் தேடாதே, பஸ்தான் எனக்கு வசதி. கீழ்த் தொட்டி அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அதற்குள் விசாரித்து வை, நான் வந்து பார்க்க வேண்டும். காவலாளி இல்லை என்று சாக்குச் சொல்லாதே.

பிள்ளைகளுக்கு முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா