பைன் கொம்பின் உள்ளேயும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பைன் காயைப் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். செதில் வரிசைகள் ஒரு பக்கமாக 8, மறுபக்கமாக 13 சுழல்வதைச் சொல்லி, 'இயற்கையின் கணிதம்' என்று முடித்திருந்தீர்கள். கொடைக்கானலில் முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவள் நான். வியப்பு தொடங்கும் இடத்தில் குறிப்பு நின்றுவிட்டதே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

"இந்தக் கணக்கு தண்டுக்குள்ளேயும் இருக்குமா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். காற்றில் ஒடிந்து விழுந்த இளங்கொம்பை எடுத்துவந்து, நுனிப் பகுதியை கேரட் துண்டுகளுக்கு நடுவே பிடித்து, சவரக் கத்தியால் சீவினோம். சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஏறியதும், நீரைக் கடத்தும் திசுவான சைலம் சிவந்து, வாஸ்குலார் கற்றைகள் (நீரையும் உணவையும் கடத்தும் குழாய்க் கட்டுகள்) வட்டமாகத் தெரிந்தன. நுனியை விட்டுச் சற்றுக் கீழே போனால் அவை ஒன்றுசேர்ந்து வளையமாகிவிடும். ஒரே சீவலில் எண்ணியும் பயனில்லை. கற்றையிலிருந்து பிரிந்து இலைக்குக் கிளம்பிவிட்ட கிளைகளும் கலந்திருக்கும். சீவல் சீவலாக ஒரு கற்றையைப் பின்தொடர வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை!

இதைப் பல ஊசியிலை மரங்களில் செய்து பார்த்தவர்கள் தாவரவியலாளர்கள் நம்பூதிரியும் பெக்கும். கட்டுரைகள் 1968இல் வெளிவந்தன. இலைகள் சுழலாக அமைந்த மரங்களில் தண்டு நெடுகச் செல்லும் முதன்மைக் கற்றைகளின் எண்ணிக்கையும் பெரும்பாலும், முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வரும் அதே 5, 8, 13 வரிசையில்தான் வருகிறது. 13 கற்றைகள் உள்ள கொம்பில், முதல் இலைக்குக் கிளை அனுப்பிய கற்றை அடுத்துக் கிளை அனுப்புவது பதினான்காம் இலைக்கு. அடுத்தடுத்துப் பிறந்த இலைகள் ஒரே குழாயில் நீர் பெறுவதில்லை. எனக்கு இன்றும் இது காயின் சுழலைவிட அழகு.

இன்னொன்று. சூரிய ஒளி கிடைப்பதற்காக இலைகள் இப்படி அமைகின்றன என்று எழுதியிருந்தீர்கள். ஒளி கிடைப்பது பலன். காரணம் மொட்டின் நுனியில் இருக்கிறது. முந்தைய இலைகள் விட்டுவைத்த மிகப் பெரிய இடைவெளியில் புதிய இலை தோன்றும் என்று ஜெர்மன் தாவரவியலாளர் ஹாஃப்மைஸ்டர் 1868இலேயே சொல்லிவிட்டார்.

ஊசிகளை எண்ணப் புறப்படும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: இங்குள்ள பைனில் மும்மூன்றாக நிற்கும் கொத்து தனி இலை அல்ல, ஒரு குறுங்கிளை. நீண்டு வளரும் கொம்பின் இலை, அதன் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புச் செதில். அதைத்தான் எண்ண வேண்டும்.

அடுத்த முறை காயின் படத்துக்குப் பக்கத்தில் இளந்தண்டின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
கொடைக்கானல்.